அக்கா வெட்டிய முப்பத்தேழு மூச்சு

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. எல்லாரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தர் நலமில்லை. ஆகவே முறையைத் தாண்டிப் போகிறேன். போன வாரம் உங்களுக்கு ஒன்பது தடவை போன் செய்தேன். "அக்கா மகன் பேசறேன்" என்று முடிப்பதற்குள் ஒன்பது தடவையும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசைமேல் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கும். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. முழுசாகப் போவதற்குள் நீங்கள் ஒரு தடவை வந்து அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

அந்தக் காது எப்படிப்பட்ட காது என்று உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் எங்கள் வாசலை மிதிக்காத இந்தப் பதினான்கு வருடத்தில் மறந்திருப்பீர்கள். பத்தொன்பது வயதில் ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப்புகளை அடுக்கி வைக்கிற வேலைக்குப் போனவள். ஒருநாள் ஒலிப்பதிவாளர் வயிற்றுவலி என்று வரவில்லை. நாற்பது வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இசையமைப்பாளர் நகத்தைக் கடித்து விரலுக்கு வந்துவிட்டார். இவள் டேப் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, மூன்றாவது வயலின்காரர் நாற்காலி கிறீச்சிடுகிறது, முதலில் அதை மாற்றுங்கள் என்றாளாம். மாற்றினார்கள். அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவள், முப்பத்தொரு வருடம் கழித்துத்தான் எழுந்தாள். மைக்கை ஒரு விரற்கடை நகர்த்துவதற்காகப் பெரிய பாடகர்களை அரைமணி நேரம் நிற்க வைப்பாள். கஞ்சி போட்ட சட்டை மொடமொடக்கிறது என்று கழற்றச் சொல்லியிருக்கிறாள். வயிறு கடமுடவென்ற ஒருத்தருக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்து, மென்று முடிக்கும்வரை பதிவு விளக்கை அணைத்துக் காத்திருந்தாள். கையில் எப்போதும் டேப் வெட்டுகிற சவரப் பிளேடு. அதனால் எல்லாருக்கும் பிளேடு அக்கா. வீட்டில் அதைவிட மோசம். பக்கத்து வீட்டு மின்விசிறி இன்னும் இரண்டு நாளில் நின்றுவிடும் என்பாள், நிற்கும். நான் பரீட்சையில் தோற்றதை மாடிப்படி ஏறுகிற சத்தத்தில் கண்டுபிடித்தாள்.

போன மாதம் அவளுக்கு வாழ்நாள் விருது கொடுத்தார்கள். படம் கேட்டார்கள். தேடினால் முப்பத்தொரு வருடத்தில் ஒரு படத்தில்கூட அம்மா முழுசாக இல்லை. எல்லாவற்றிலும் பாடகர் சிரிக்கிறார், கண்ணாடிக்குப் பின்னால் இவள் முழங்கை மட்டும் தெரிகிறது. அந்த முழங்கையைத்தான் பெரிதாக்கி மேடையில் மாட்டினார்கள். விழா தொடங்கியதும் மைக் ஊளையிட்டது. இரண்டு நிமிடம் பொறுத்தாள். பிறகு மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தின் கடைசியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பலகைக்குப் போய், அங்கே இருந்தவரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மேடையில் பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார்கள். வேலையாய் இருக்கிறேன் என்று கை காட்டினாள். வேறு வழியில்லாமல், ஆள் இல்லாத விருது யாருக்கு என்று தெரியாமல், நகர்ந்து நின்ற மிக்சர்காரரிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் கண்கலங்கி நன்றியுரை ஆற்றினார். வீடு திரும்பும்போது அம்மாவுக்கு ஏக சந்தோஷம். அந்த ஆளோட பேச்சு மட்டும் எவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு பாத்தியா என்றாள். நான் பார்த்தேன். அவள் உயர் சுரத்துக்கான குமிழைத் திருகித் திருகிக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே மருத்துவரிடம் இழுத்துப் போனேன். இடது காது ஏறக்குறைய இல்லை. வலது காதில் நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள உயர்ந்த ஒலிகள் ஒன்றுமில்லை, அதுவும் வருகிற வருடத்துக்குள் பேச்சே கேட்காத அளவுக்கு இறங்கும் என்றார் மருத்துவர். உங்க மெஷின்ல ஹெட் அழுக்காயிருக்கு, துடைங்க என்றாள் அம்மா, அது என்னவோ டேப் இயந்திரம் மாதிரி. காதுக் கருவி கொடுத்தார்கள். காதில் வைத்த நிமிடமே இதில் இரைச்சல் அதிகம் என்று கழற்றிப் பைக்குள் போட்டாள்.

இனிமேல்தான் உங்கள் சமாச்சாரம். அடுத்த நாள் வேலை முடிந்து மாலையில் கதவைத் திறந்தால், கூடம் முழுக்க இடுப்பு உயரத்தில் டேப் ஓடுகிறது. பழைய டேப் இயந்திரத்திலிருந்து கிளம்பி, நாற்காலி முதுகைச் சுற்றி, ஜன்னல் கம்பியைச் சுற்றி, தண்ணீர் பாட்டிலைச் சுற்றி, மறுபடி இயந்திரத்துக்குள் போகிறது. முனைகளை ஒட்டி வளையமாக்கிய டேப். இருபத்து மூன்று அடி. ஸ்பீக்கரில் ஒரு ஆள் மூச்சு வாங்குகிறார். வாங்குகிறார், வாங்குகிறார், விடவே மாட்டேன் என்கிறார். நான் மின்சாரக் கோளாறு என்று நினைத்து இயந்திரத்தின் பின்பலகையைக் கழற்றினேன். அதற்குள் கதவு இடிபட்டது. கீழ்வீட்டு வங்கி மேலாளர், ரெண்டு மணி நேரமா யாரோ மூச்சுத் திணறிச் சாகக் கிடக்கிறாங்க, கூப்பிட்டா ஒருத்தரும் கதவைத் திறக்கல என்று ஆம்புலன்ஸையே வரவழைத்துவிட்டார். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஏறி வந்து, நோயாளி எங்கே என்று கேட்டார்கள். நான் ஸ்பீக்கரைக் காட்டினேன். அவர்கள் என்னைத்தான் ஏற்றப் பார்த்தார்கள்.

இத்தனை அமர்க்களத்திலும் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, மாமா. ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இருபத்திரண்டு வரலடா" என்றாள். எது வரவில்லை என்றால், உங்களுடைய இருபத்திரண்டாவது மூச்சு. மேல்சுரத்துக்குப் போகும் முன்னால் நீங்கள் சின்னதாக ஒன்று இழுப்பீர்களாம். நான் இயந்திரத்தின் ஒலிமானியைப் பார்த்தேன். முள் ஆடியது. டேப்பில் இருக்கிறது, அவள் காதில் இல்லை.

உங்களுக்கு முதல் பேர் வாங்கிக் கொடுத்த அந்தப் பாட்டிலிருந்து அவள் பிளேடால் வெட்டியெடுத்த முப்பத்தேழு மூச்சையும் அவள் குப்பையில் போடவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஒட்டி, ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள்; கூடத்தில் ஓடிய வளையம் அதுதான். மூச்சிரைப்பு முற்றியிருந்த நேரத்தில் பாடினீர்கள்; இந்த இரைப்பு இருந்தால் வேறு பாடகரைக் கூப்பிடுவேன் என்றார் இசையமைப்பாளர்; ஒரே பகலில் அம்மா, உங்கள் குரல் மட்டும் பதிந்த டேப்பில் வெட்டிய இடத்திலெல்லாம் அதே நீளத்துக்கு வெற்று டேப்பை ஒட்டி, தம்பி பாட்டைக் காப்பாற்றினாள். பாட்டு ஓடியது. நீங்கள் மூச்சுவிடாத பாடகர் ஆனீர்கள். மேடையில் அதே மாதிரி பாடச் சொன்னார்கள், உங்களால் முடியவில்லை, சிரித்தார்கள். எட்டு வருடம் அந்தப் பாட்டுக்குப் பயந்து பயந்து பாடிவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"மூச்சு விடாதவனுக்குப் பேரு பொணம்க்கா. நீ என்னைப் பொணமாக்கித்தான் ஊரெல்லாம் பாட விட்ட."

"பாட்டு நல்லா வந்திருந்துச்சே தம்பி" என்றாள் அம்மா. அவளுக்கு வேறு என்ன சொல்வதென்று உண்மையிலேயே தெரியவில்லை. நீங்கள் போனீர்கள், போனவர்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. நான் படித்ததே ஒலியைச் சுத்தம் செய்கிற படிப்பு. டேப் இரைச்சலை எடுத்துவிட்டு மூச்சை மட்டும் தூக்கிக் கொடுத்தால் அவளுக்குக் கேட்குமே என்று, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி மென்பொருளிடம் கொடுத்தேன். அது மூச்சையும் இரைச்சல் என்று முடிவு கட்டி, பதினெட்டு விநாடி சுத்த மௌனத்தைத் திருப்பித் தந்தது. ஒரு புள்ளி கறையில்லை. தலை குனிந்து சொன்னேன். அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"இதைத்தாண்டா நானும் பண்ணேன்" என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு நாளாக அவள் இயந்திரத்தைத் தொடவில்லை. எனக்கு அந்த ஆம்புலன்ஸே மறுபடி வந்தால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது. சாப்பிடுகிறாள், துணி மடிக்கிறாள், நடுவில் எதற்கோ காது கொடுப்பவள் மாதிரி அப்படியே நின்றுவிடுகிறாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். அதை டேப்பில் வைத்து என்னால் கொடுக்க முடியாது. அந்த மூச்சுக்குச் சொந்தக்காரர் மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை, பாட வேண்டியதில்லை, விருப்பமில்லாவிட்டால் பேசக்கூட வேண்டாம். வலப்பக்கமாக, நெருங்கி உட்கார்ந்து சும்மா மூச்சு விடுங்கள். சண்டை போடுவதானாலும் இந்த வருடமே போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் நீங்கள் கத்தினாலும் அவளுக்கு உங்கள் வாய் அசைவதுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன். பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். மாமிக்கு என் வணக்கம், குட்டிகளுக்கு என் அன்பு. உங்கள் நெஞ்சுக்கு நல்ல காற்று வாய்க்கட்டும். கடுமையாக ஏதும் எழுதியிருந்தால், அது நான் நிஜமாகவே நினைத்ததுதான், பொறுத்துக்கொள்ளவும்.

பணிவுடன்,
அக்கா மகன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் வர வேண்டாம். உறை வாங்க நான் கடைக்குப் போயிருந்த இருபது நிமிடத்தில் அம்மா இதை முழுவதும் படித்திருக்கிறாள். இரண்டு பத்திகளின் ஓரத்தில் "நீளம், வெட்டு" என்று பென்சிலில் குறித்திருக்கிறாள். கீழ்வீட்டுக்காரரிடம், "என் தம்பி ஒத்திகைக்கே கூப்பிட்டா வந்தவன் இல்ல, எப்பவும் நான் போய்த்தான் கூட்டிட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு கைப்பையோடு பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். அது எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போகிற வண்டி. அதை முந்திப் போய்விடும் பதினொரு மணி விரைவு வண்டியின் நடத்துநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் வீடு நிறுத்தத்துக்கு எதிர்வீடுதான் என்பதால் கையிலேயே தருவதாகச் சொன்னார். என் கணக்குப்படி, இதைப் படித்து முடிக்கும்போது அவள் வந்து சேர இன்னும் இருபது நிமிடம் இருக்கும். அவள் கதவைத் தட்டினால் உள்ளே இருந்தபடி யார் என்று கேட்காதீர்கள். அது அவளுக்குக் கேட்காது. இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்து அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். வாசலில் போய் நில்லுங்கள், மாமா.