வாஷிங்டன் கண் திறந்தார்

"டமார்!"

சத்தம் கேட்டு முத்தம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். ஜோகுபாளையம் உலக நட்பு வாசகசாலையின் நடுக்கூடத்தில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் தூசித் துணியும் கையுமாக நூலகர் ஸ்ரீகண்டன் நின்றிருந்தார்.

"இன்னா சார் ஆச்சு?"

"படகுல போயிண்டிருந்தோம் முத்தம்மா" என்றார் ஸ்ரீகண்டன், இன்னும் முழுக்கத் திரும்பி வராத குரலில். "பனிக்கட்டி மிதக்கற ஆறு. அவர் எழுந்து நின்னார், படகு ஆடித்து. பிடிச்சுக்கோங்கோன்னு கையை நீட்டினேன்."

நீட்டிய கைதான் சிலையைத் தள்ளிவிட்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் டோரதி என்ற அமெரிக்க அம்மாள் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களைக் கப்பலில் அனுப்பியிருந்தாள். எல்லாம் அந்த நாட்டின் ஆரம்பகால ஜனாதிபதிகளைப் பற்றியவை. அன்றிலிருந்து ஸ்ரீகண்டன் பாதி நேரம் பெங்களூரில் இருப்பதில்லை. காலையில் அல்சூர் ஏரிக்கரையில் நடந்தால், ஆறாவது ஜனாதிபதி ஆடம்ஸ் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நீந்திக்கொண்டிருப்பார். ஆற்றில் அப்படிக் குளிப்பது அவர் வழக்கம் என்று புத்தகமே சொல்கிறது. மூன்றாவது ஜனாதிபதி ஜெபர்சன், தனக்கு அன்பளிப்பாக வந்த வண்டிச் சக்கரம் அளவு பாலாடைக்கட்டியை எங்கே வைப்பதென்று ஸ்ரீகண்டனிடம் யோசனை கேட்பார்.

புத்தகங்களோடு ஒரு மார்பளவுச் சிலையும் வந்திருந்தது. பெயர்ச்சீட்டு இல்லை. காரியதரிசி சீனிவாசராகவன் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"வாயை எப்படி இறுக்கி மூடிண்டிருக்கார் பாரும். பொய்ப்பல்லு! வாஷிங்டனேதான்" என்று தீர்ப்புச் சொல்லிப் பித்தளைத் தகடும் அடித்துவிட்டார்.

அந்த டோரதி அம்மாள் இன்று நாலு மணிக்கு வருகிறாள். விழா நன்றாக நடந்தால் அடுத்த மாதத்திலிருந்து ஸ்ரீகண்டன் பர்மனென்ட் என்று சீனிவாசராகவன் வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்ரீகண்டன் ஒன்பது வருஷமாகத் தற்காலிக நூலகர்.

முத்தம்மா சிலையைப் புரட்டினாள். மூக்கைக் காணோம்.

"இவரு இன்னா சார் பண்ணாரு?"

"வெள்ளைக்காரன்கிட்டேயிருந்து தேசத்துக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தார்."

"இவரே வெள்ளைக்காரருதானே?"

"இவர் வேற வெள்ளைக்காரர்."

"வீட்டு வேலைக்கு ஆளுங்க வச்சிருந்தாரா?"

ஸ்ரீகண்டன் தயங்கினார். "அடிமைகள். நூறு பேருக்கு மேலே."

முத்தம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிலையை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப இந்த மூக்குக்கு நான் அழ மாட்டேன். உங்க வேலைக்காகத்தான் சொல்றேன். எடுங்க சார், அப்பாதுரைகிட்ட போலாம்."

ஏரிக்குப் பின்னால் பிள்ளையார் பொம்மை செய்பவர் அப்பாதுரை. சதுர்த்திக்கு இன்னும் பத்து நாள்தான். கொட்டகை முழுக்கத் தும்பிக்கைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"தும்பிக்கைன்னா உடனே ஒட்டித் தர்றேன். மூக்குன்னா ஸ்வல்ப டைம் ஆகும்" என்றார் அப்பாதுரை.

மூக்கு வந்தது, ஏரி மண்ணின் நிறத்தில்.

"வெள்ளை முகத்துல கறுப்பு மூக்கா?" என்று ஸ்ரீகண்டன் பதறினார்.

அப்பாதுரை முகம் முழுக்க வெள்ளை பூசினார். வாஷிங்டன் அப்போதுதான் உயிரை விட்டவர்போல் ஆனார். கொஞ்சம் ரோஸ் சேர்த்தார். உயிர் வந்தது. ஆனால் கண் இருந்த இடம் மொழுக்கென்று இருந்தது.

"கண்ணு எங்க சார்?"

"அந்த ஊர்ச் சிலைக்கெல்லாம் கண்மணி கிடையாது அப்பாதுரை. அப்படியே விட்டுடும்."

"எங்கப்பா காலத்துலேர்ந்து கண்ணில்லாத உருவம் இந்தக் கொட்டாய விட்டுப் போனதில்ல."

மறுத்துச் சொல்ல ஸ்ரீகண்டன் வாயைத் திறந்தார். அதற்குள் வாஷிங்டன் பொய்ப்பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, "ஸ்ரீகண்டா, நூத்தைம்பது வருஷமா இருட்டா இருக்குடா. அவனைத் தடுக்காதே" என்றார். பல் இல்லாமல் அவர் சொன்னது பாவமாக இருந்தது.

தேங்காய் உடையும் சத்தத்தில்தான் ஸ்ரீகண்டன் திரும்பி வந்தார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அப்பாதுரை முகம் பார்க்கும் கண்ணாடியைச் சிலைக்கு எதிரே பிடித்திருந்தார். அதற்குள்ளிருந்து இரண்டு கருவிழிகள் ஸ்ரீகண்டனை நேராகப் பார்த்தன.

மணி மூன்றரை. அவர் சிலையை அவசரமாகப் போர்வையில் சுற்றப் போனார். அப்பாதுரை கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு திறந்த உருவத்த மூடக் கூடாது சார். குடை புடிச்சு, மேளத்தோடதான் போகணும். இல்லாங்காட்டி அனுப்ப மாட்டேன்."

"வாசகசாலைக்கா? மேளத்தோடயா?"

"என் மச்சானுங்க ரெண்டு பேரும் சும்மாத்தான் இருக்கானுங்க."

தூறல் விழுந்துகொண்டிருந்தது. அப்பாதுரை குடை பிடிக்க, மச்சான்கள் மேளம் கொட்ட, வாஷிங்டன் ஸ்ரீகண்டனின் தோளில் ஏறி ஜோகுபாளையத்தில் பவனி வந்தார். வாசல்களில் பெண்கள் கூடினார்கள்.

"இது எந்த சாமிங்க?"

"அமெரிக்கா சாமி. சுதந்திரம் குடுப்பாரு" என்றார் அப்பாதுரை.

"கல்யாணம் கூட்டி வைப்பாரா?"

"அவருக்கே ஆகியிருக்கு" என்றாள் முத்தம்மா.

ஒருத்தி சாமந்தி மாலை போட்டாள். இன்னொருத்தி நெற்றியில் குங்குமம் வைத்தாள். வேலை போகப்போகிறதென்று ஸ்ரீகண்டனுக்குத் தெரிந்தது. ஆனாலும் மழைப்புகையில் தெருவே ஆற்றங்கரைபோல் மங்கி, மனசு லேசாகிவிட்டது. பின்னால் மற்ற ஜனாதிபதிகள் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். குள்ளமான மாடிசன் முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாமல் எம்பி எம்பிக் குதித்தார். மூத்த ஆடம்ஸ், "எனக்கு யார் மாலை போட்டா?" என்று முணுமுணுத்தார். அவர் பிள்ளையான ஆறாவது ஜனாதிபதி தன் துணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

வாசகசாலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஆஸ்டின் டவுன் டாக்சி டிரைவர் தியோடர் இறங்கி, கதவைத் திறந்து, டோரதி அம்மாளுக்குக் குடை பிடித்தான். ரோஜா மாலையோடு காத்திருந்த சீனிவாசராகவன் தெருவைப் பார்த்தார். மாலை கையிலிருந்து நழுவியது.

"ஓய்! என்னய்யா இது? மாரியம்மன் உற்சவமா?"

"மூக்கு உடைஞ்சுடுத்து சார்... அதைச் சரி பண்ணப் போய்..."

"ஒரு தேசத்தோட பிதாவுக்குக் குங்குமமா? மையிட்ட கண்ணா? நாளைக்கு நீர் வர வேண்டாம். நாளைக்கு மட்டுமில்லை, என்னைக்குமே!"

டோரதி அம்மாள் மெல்லக் கிட்டே வந்தாள். சிலையின் முகத்தைப் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மேளச் சத்தத்தில் அவள் ஏதோ சொன்னது, பக்கத்தில் குடை பிடித்திருந்த தியோடருக்கு மட்டும்தான் கேட்டது.

"பார்த்தீரா! அழவே வச்சுட்டீரே!" சீனிவாசராகவன் தலையில் அடித்துக்கொண்டார். "நிறுத்துங்கடா மேளத்தை! மேடத்தோட காலில் விழும் ஓய்!"

மேளம் நின்றது. தியோடர் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அம்மா கோபத்துல அழல சார். இவரு அவங்க செத்துப்போன வீட்டுக்காரராம், புஸ்தகப் பெட்டில தவறிப்போய் வந்துட்டாராம். முப்பது வருஷம் கூட இருந்தும் ஒருநாள்கூட என்னை இப்படி நேரா பார்த்ததில்லன்னு சொல்றாங்க."