நான் நின்ற வாசல்கள்

பூதப்பாண்டி பக்கம்,
அக்டோபர் 2013

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய நேசம்மாள் மாமிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். இங்கே உங்கள் தம்பியாகிய என் அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். ஆனால் நீங்கள் இப்போது இருக்கும் மனநிலையில் இதைத்தான் முதலில் அறிய விரும்புவீர்கள் என்று நினைத்து நேரடியாகவே எழுதிவிட்டேன். குழித்துறையில் நீங்களும் ஜெப்சன் அத்தானும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறேன்.

போனில் பேசிவிடலாம் என்றுதான் பலமுறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அத்தான் எடுத்து, "அம்மா குளிச்சிட்டிருக்காவ" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் குளியல், மத்தியானம் கூப்பிட்டாலும் குளியல். பின்னாலிருந்து, "அவ எங்கன நின்னு பேசுகான்னு கேளுல" என்று உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே கடிதம். நீங்கள் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்குப் போனதற்கு என் ஓட்டம்தான் காரணம் என்று ஊர் பேசுகிறது. நடந்ததை முதலிலிருந்து முறையாகச் சொன்னால், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டு அறுப்பின் பண்டிகைக்குள் திரும்பி வந்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எதற்காக ஓட ஆரம்பித்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். டாக்டர் சொன்னார் என்று சொல்லிவைத்தேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் தெருவில் நடந்துபோனால் வாசலுக்கு வாசல் ஒரு கேள்வி காத்து நிற்கிறது. வேலை ஏதும் ஆச்சா, மாப்பிள்ளை ஏதும் வந்தா, அம்மா போனபிறகு அப்பாவுக்குச் சோறு யாரு வைக்கா. ஓடுகிறவளிடம் கேள்வி கேட்க முடியாது. கேள்வி முடிவதற்குள் அவள் அடுத்த வீட்டைத் தாண்டியிருப்பாள். புத்தகத்துக்குள் இருக்கும்போது கிடைக்கிற தனிமை, அதுவும் காற்றோடு கிடைக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் மாமி. வேறு யாரையும் எதையும் செய்யும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

வடசேரிக்குப் போய் ஷூ வாங்கி, முதல் நாள் விடிவதற்கு முன் பாசனச் சானல் கரை வழியாகப் புறப்பட்டேன். தண்ணீருக்கு மேலே பனி கிடந்தது. அதற்குள் என் காலடிச் சத்தம் கொஞ்சம் தாமதமாக எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. எதிர்க்கரை மதிலில் பட்டுத் திரும்பும் எதிரொலி என்று எனக்குத் தெரியும். எதிர்க்கரையில் மதில் கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அது கிடக்கட்டும். சர்ச் வரை போய்த் திரும்புவது என் திட்டம். ஆனால் நம் ஊரில் ஒரு பெண் சும்மா ஓடி யாரும் பார்த்ததில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் தலை கலைந்து, மூச்சு இரைக்க, சர்ச்சைப் பார்த்து ஓடிவருகிறவள் ஒரே ஒரு செய்தியைத்தான் கொண்டுவருவாள். சர்ச்சில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை ஏசுஅடிமை அண்ணன் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். விளக்குமாற்றைக் கீழே போட்டார். "ஐயோ, ஆபேல் சாரே!" என்று அலறிக்கொண்டு போய் மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார். துக்க மணி எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு அடி, அதன் சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருப்பு, பிறகு இன்னொரு அடி. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. கையை ஆட்டினேன். இன்னும் பலமாக அடிக்கச் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பா லுங்கியோடு முற்றத்தில் நின்று, கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு, தன் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். நீங்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து, அவர்மேலேயே முட்டி, "ஏலே, நீ சாகல்லியா?" என்று கேட்டீர்கள். "இன்னும் இல்லக்கா" என்று அவர் ஏதோ குற்றம் செய்தவர்போலப் பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஏசுஅடிமை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கயிறு பிடித்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு, "அடிச்ச மணிய திருப்பி எடுக்க ஏலாது மக்கா. ஆளு போணும்" என்றார். அந்தக் கூட்டத்தில் அதைக் காதில் வாங்கியவர்கள் நாம் இரண்டு பேர்தான். உங்கள் முகத்தை நான் பார்த்தேன்.

மறுநாள் டைட்டஸ் சாரின் கேட் முன்னால் என் வலது கணுக்கால் உளுக்கியது. கல் இல்லை, குழி இல்லை, சமமான சிமெண்ட் ரோடு. தரைக்குள்ளிருந்து ஒரு கை வந்து பிடித்ததுபோல இருந்தது. இந்த உவமையை நான் அப்போதே யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். சார் நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஈரத்துணி சுற்றிவிட்டு, "பைய ஓடு மக்கா, ஓடி எங்க போய்ச் சேரப்போற" என்றார். அடுத்த நாள் காலையில் மணி அடித்தது. சார் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. எண்பதைத் தாண்டிய மனிதர், தூக்கத்திலேயே போனது பாக்கியம் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

கால் சரியானதும் மறுபடி ஓடினேன். இந்த முறை அல்போன்ஸ் அண்ணன் வீட்டு வாசலில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவர்கள் வீட்டில் மனிதர்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள், அதை நீங்கள் கவனிக்க வேண்டும். செத்தது பசு. பிளாஸ்டிக் பை தின்றிருக்கிறது என்று கால்நடை டாக்டர் வயிற்றை அறுத்தே காட்டினார். ஆனால் பசு கட்டியிருந்த இடமும் நான் தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடமும் நேருக்கு நேர் என்று யாரோ கயிறு பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். கெண்டைக்காலுக்கு எண்ணெய் போட்டுத் தடவ வர்ம வைத்திய ஆசானிடம் போனால், அவர் வலி எங்கே என்று கேட்கவில்லை. "எந்த வாசல்ல பிடிச்சு?" என்றுதான் கேட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தினால் நானும் நம்பியதாக ஆகிவிடும் மாமி. அதனால் ஓடினேன். இப்போது என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நான் ஆசைப்பட்டது அதுதான், ஆனால் அது இப்படிக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. என் ஷூ சத்தம் தெருமுனையில் கேட்டதும், வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைக்கிறார்கள். கொஞ்சம் வேகம் குறைந்தால் ஜன்னல்களிலிருந்து, "நிக்காத மக்கா, ஓடு, ஓடு, நல்லா ஓடுக கேட்டியா" என்று உற்சாகப்படுத்துகிறார்கள். வேறு எந்த ஊரிலும் ஒரு புதிய ஓட்டக்காரிக்கு இவ்வளவு ஆதரவு கிடைத்திருக்காது.

பிறகுதான் குமாரதாஸ் அண்ணன் வந்தார். அவர் தாயார் சொர்ணம்மாள் எத்தனை காலமாகப் படுக்கையில் கிடந்தார் என்பது நீங்கள் அறிந்ததே. சானல் கரையில் என்னை வழிமறித்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "மக்கா, தப்பா எடுக்காத. அம்மைக்க நோவு பாத்திட்டிருக்க ஏலல்ல. என்னை எடுத்துக்கிடும் கர்த்தரே, எடுத்துக்கிடும்னு ஒரே கூப்பாடு. நாளைக்கு நம்ம வீட்டு முன்ன வரும்பம் கொஞ்சம் நின்னுட்டுப் போவியா?" என்றார்.

"அண்ணா, நீங்க பிள்ளைகளுக்கு சயின்ஸ் எடுக்கவங்க. இதையெல்லாம் நம்புகியளா?" என்றேன்.

"நம்பல்ல மக்கா. எனக்கு இதுல நம்பிக்கையே இல்ல. சும்மா நின்னாப் போதும்."

முடியாது என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். அடுத்த நாள் அந்தத் தெருவுக்கே போகக் கூடாது என்று வயல் வரப்பு வழியாகப் போனேன். இரவில் பெய்த மழையில் வரப்பு உடைந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் தெருவுக்குள் இறங்கி, அந்த வீட்டைத் தாண்டும்வரை பார்க்கவே கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு வேகமாக ஓடினேன். முழங்கால் மடங்கியது. கண்ணைத் திறந்தால் சொர்ணம்மாளின் ஜன்னல். அடுத்த வீட்டு எல்லைக்குத் தவழ்ந்தாவது போய்விடலாம் என்று பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வெளியே வந்து, "அங்கனயே இரி மக்கா, புண்ணியமாப் போகும்" என்று கைகூப்பி நின்றார்கள். குமாரதாஸ் அண்ணன் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் வைத்தார். உள்ளேயிருந்து, "யாருல வந்திருக்கா?" என்று பாட்டியம்மாவின் குரல் கேட்டது. "ஆபேல் சாருக்க மவ, அம்மா." பாட்டியம்மா கட்டிலில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வந்துட்டாளா? இருக்கச் சொல்லு. சாயா குடு" என்றார். அந்தச் சாயாவைக் குடித்தேன், மாமி. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் மணி அடித்தது. அடக்கத்தன்று அண்ணன் எனக்கென்று தனியாக நாற்காலி போட்டார். இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை.

இனி உங்கள் விஷயம். நீங்கள் குழித்துறைக்குப் போன அன்றைக்கு உங்கள் கேட் முன்னால் எனக்குக் கால் பிடிக்கவில்லை. இதைப் பைபிள் மேல் கைவைத்துச் சொல்வேன். ஷூ லேஸ் அவிழ்ந்தது. குனிந்து கட்டினேன். வலியும் இல்லை, உளுக்கும் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் ஒடித்துக்கொண்டிருந்த முருங்கைக் கொப்பு தரையில் கிடந்தது, நீங்கள் இல்லை. இரண்டு பையோடு சாயங்கால பஸ்ஸில் நீங்கள் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக ஏசுஅடிமை அண்ணன்தான் வந்து சொன்னார். ஒரு லேஸுக்காக யாராவது ஊரைவிட்டுப் போவார்களா?

நீங்கள் போனதிலிருந்து உங்கள் தம்பி சரியில்லை. நீங்கள் தூக்குச்சட்டியில் கறி கொண்டுவரும் நேரம் வந்ததும் கேட் பக்கம் போய் நிற்கிறார். எதற்கு நிற்கிறீர்கள் என்றால் தபால் பார்க்கிறேன் என்கிறார், ஞாயிற்றுக்கிழமையிலும். நான் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு மோளே, மீனுதான் பாவம்" என்றார். இடுப்பில் லுங்கி நிற்கவில்லை. அம்மா இறந்த வருடத்திலும் அவர் இப்படி இளைக்கவில்லை, அப்போது நீங்கள் இருந்தீர்கள். வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் நடக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே ஓட்டத்தை விட்டுவிட்டேன். ஷூவைக் கழுவி, உள்ளே காகிதம் திணித்து, பீரோவுக்கு மேலே வைத்துவிட்டேன். இதனால் நானும் நம்புகிறேன் என்று அர்த்தமில்லை. வயதான ஒருவர், நோயாளி ஒருவர், பேராசைக்காரப் பசு ஒன்று. இதில் மர்மம் ஏதும் இல்லை. ஆனால் நீங்கள் பயப்படுகிறீர்கள், எங்களுக்கு நீங்கள் வேண்டும். தைரியமாக வாருங்கள் மாமி. உங்கள் வாசல் பக்கம் நான் வந்தால் நடந்துதான் வருவேன்.

அத்தானுக்கும் அக்காவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காத்துக்கொள்வாராக, குறிப்பாக வரத்தை.

என்றும் உங்கள் அன்பு மருமகள்,
ஜெஸ்பின்

பின்குறிப்பு: மாமி, மேலே உள்ள எதையும் இப்போது படித்துக்கொண்டிருக்க வேண்டாம். தபாலாபீஸ் மூடும் நேரம் ஆகிவிட்டது, மழையும் தூற ஆரம்பித்தது, செருப்போடு கொஞ்சம் வேகமாக நடந்தேன். சரி, ஓடினேன். தபாலுக்காக ஓடியது ஓட்டத்தில் சேராது என்று நினைத்தேன். தொடை பிடித்துக்கொண்டது. இதுவரை பிடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. கையில் அகப்பட்ட கேட்டைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினால், உங்கள் வீடு. நல்லவேளை, பூட்டிய வீடு, ஆளில்லாத வீட்டுக்கு என்ன வந்துவிடும் என்று கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டு நின்றேன். பிறகுதான் பார்த்தேன், கதவில் பூட்டு இல்லை. படியில் உங்கள் செருப்பு கிடக்கிறது. உள்ளே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கிறது. எப்போது வந்தீர்கள்? வருவதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நொண்டிக்கொண்டே படிவரை வந்து, இதைச் சுவரில் வைத்து எழுதுகிறேன், கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அடுப்பை அணையுங்கள். பின்வாசல் வழியாக இறங்கி, கிடைக்கிற பஸ்ஸில் ஏறிக் குழித்துறைக்கே போய்விடுங்கள். இதெல்லாம் வெறும் மூடநம்பிக்கை. ஆனாலும் போய்விடுங்கள். அப்பாவுக்கு நான் ஏதாவது வைத்துக் கொடுத்துக்கொள்கிறேன். இதோ, "வாசல்ல யாராக்கும்? ஜெஸ்பினா? உள்ள வா மக்கா, அப்பனுக்குக் கறி கொண்டு போ" என்று கூப்பிடுகிறீர்கள். குரலை மாற்றி, நான் ஜெஸ்பின் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து நம்புங்கள்.