யானை சாரின் சோத்தாங்கை

எனக்கு வழி சொல்லத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபத்தைந்து வருடம் பிடித்தது. தெரியாததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளிநாட்டுக்காரருக்கு வழி சொல்வதையே உத்தியோகமாக வாங்கிக்கொண்டு, அதில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று உத்திரமேரூர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் பக்கத்து ஏரிகளைச் சீர்செய்ய ஒரு திட்டம் வந்தது. அதற்காக ஹாலந்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து எங்கள் தெருவிலேயே ஒரு மாடி வீட்டில் குடியேறினார். பெயர் யான். (ஆமாம், செய்யுளில் வருமே, அதே யான்.) ஆறரை அடி உயரம். ஊர் ஒரே நாளில் அவரை 'யானை சார்' ஆக்கிவிட்டது. தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர். டீக்கடையில் போய் நின்று, "ஐயா, எனக்குச் சற்று வெந்நீர் அளிப்பீர்களா?" என்பார். கடைக்காரர், "இன்னா சார், நாடகமா?" என்பார். இவர்களுக்கு நடுவில் நின்று பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் பி.ஏ. ஆங்கிலம், டைப்ரைட்டிங் ஹையர், வாய் அதற்கும் மேலே. எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் சோதனை. அது முடியும்போது சென்னையிலிருந்து டைரக்டர் மேடம் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் வாலாஜாபாத் மாப்பிள்ளை. எங்கள் நைனா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வேல நெலச்சா ஆபீசுக்குப் போ. இல்லன்னா கம்முனு வாலாஜாபாத்துக்குப் போ." (மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "உங்க வூட்ல எரும எத்தினி?")

மேடம் போட்ட நிபந்தனை ஒன்றுதான். யானை சாரை நான் கைப்பிடித்து அழைத்துப் போகக் கூடாது. அவர் தனியாகப் போய் வரப் பழகவேண்டும். உடனே உட்கார்ந்து 'வெளிநாட்டவருக்கான பயண வழிகாட்டி' என்று பன்னிரண்டு குறிப்புகளை டைப் அடித்துப் பச்சை அட்டை போட்டுக் கொடுத்தேன். இப்போது எடுத்துப் படித்தாலும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

'தோ என்றால் தூரம். சுருக்கமாகத் தோ என்றால் கூப்பிடு தூரம். தோஓஓ என்று இழுத்தால் மொபெட்டில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கவும். நேரா போ என்றால், சாலை எப்படி வளைந்தாலும் கூடவே வளைந்து போகவும். பஸ்ஸில் இடம் வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகத் துண்டு போடவும்; அதற்குமேல் அந்த இடத்தில் கலெக்டர்கூட உட்கார மாட்டார். தெரியாது என்று இங்கே யாரும் சொல்வதில்லை, ஆகவே மூன்று பேரிடம் கேட்கவும். மானாம்பதி என்ற பெயர் உங்கள் வாயில் வேறு என்னவோவாக வருகிறது, ஆகவே ஏரி என்று மட்டும் கேட்கவும்.'

ஏழாவது குறிப்புதான் என் குடியைக் கெடுத்தது.

எங்கள் பக்கத்தில் வலது, இடது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பேச்சு. தெருவில் சோத்தாங்கை, பீச்சாங்கைதான். சோறு தின்கிற கை சோத்தாங்கை. மற்றது, மற்ற வேலைக்கு. அந்த மற்ற வேலையை ஒரு கன்னிப்பெண் யானை சாருக்கு எப்படி விளக்குவது? "சாப்பிடற கை சோத்தாங்கை சார். இன்னொண்ணு... சுத்தம் பண்ற கை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தேன். அவர் தன் கைகளை மாறி மாறிப் பார்த்தார். "மிக எளிது" என்றார்.

மேடம் வரும் நாள் வந்தது. மானாம்பதி ஏரியில் சந்திப்பு. நான் மேடத்தோடு ஜீப்பில் முன்னால் போவது, யானை சார் தனியாக மொபெட்டில் வந்து சேர்வது என்று ஏற்பாடு. சீட்டு எழுதிக் கொடுத்தேன்: 'பஸ் ஸ்டாண்டு தாண்டி சோத்தாங்கை பக்கம். அப்புறம் நேரா. ஏரிக்கரையில் ஆட்கள் காத்திருப்பார்கள்.'

மானாம்பதியில் மேளம், மாலை, அண்டா நிறைய மோர். ஒன்பது மணிக்கு வரவேண்டியவர் பத்துக்கும் வரவில்லை, பதினொன்றுக்கும் வரவில்லை. மேளக்காரர் எந்த மொபெட் சத்தம் கேட்டாலும் அடிக்க ஆரம்பித்தார். பால்காரருக்கு ஒரு தடவையும் கம்பவுண்டருக்கு ஒரு தடவையும் முழு மரியாதை நடந்தது.

"மேகலா, எங்கே அவர்?" என்றார் மேடம்.

"தோ வந்துடுவார் மேடம்."

"எந்த தோ? சின்னதா, இழுத்ததா?" (பாவி, பச்சை அட்டையைப் படித்திருக்கிறார்!)

மோர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் வேறு, "இன்னாம்மா, உங்க யான வருதா, இல்ல நாங்க போயி நாஷ்டா துன்னுட்டு வரட்டுமா?" என்றார்.

அப்போது டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: "யம்மா! உங்க வெள்ளக்காரரு சாலவாக்கம் தாண்டி ஒரு ஏரில, இடுப்பளவு தண்ணில நின்னுக்கினு கீறாராம். அந்த ரூட்டு டிரைவரு பாத்துட்டு வந்து சொன்னாரு!"

சாலவாக்கம்! பஸ் ஸ்டாண்டிலிருந்து அது பீச்சாங்கை பக்கம். ஜீப் வந்த வழியே திரும்பியது. நான் மனசுக்குள் எருமைகளை எண்ண ஆரம்பித்தேன்.

போய்ப் பார்த்தால், கழுத்தில் செவந்தி மாலையோடு மதகடியில் தண்ணீரில் நிற்கிறார் யானை சார். கரையில் ஐம்பது பேர். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மேகலா! நீங்கள் கூறியவாறே வந்தேன். வழியில் மூவரிடம் ஏரி என்று வினவினேன். மூவரும் ஆம் என்றனர். மக்களும் காத்திருந்தனர்!"

ஏரிக்குப் போகாத ரோடு எங்கள் தாலுகாவில் ஏது? ஆம் என்று சொல்லாமல் அவர்கள் என்ன செய்வார்கள்?

"சார், சோத்தாங்கை பக்கம்னுதானே எழுதினேன்?" அழுகை வந்துவிட்டது எனக்கு.

"ஆம். நான் உண்ணும் கை" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். "முட்கரண்டி இக்கையில். கத்தி மறு கையில். கத்தி பிடித்த கையால்தான் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வேன்."

மூன்று மாதமாக அந்த மனிதர் மாடியில் உட்கார்ந்து இட்லியைக் கத்தியால் வெட்டி, முள்கரண்டியால் குத்தித் தின்றிருக்கிறார்! நான் ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

"ஐயய்ய, பீச்சாங்கைல துன்றாரா!" என்று ஒரு குரல். கரை மொத்தமும் சிரித்தது. குரல் கொடுத்தவர் செங்கேணியம்மா. அங்கே குத்தகைக்குப் பயிர் வைப்பவர், கூலி வேலைக்கும் போகிறவர். மதகு உடைந்து, பயிருக்குப் போகவேண்டிய தண்ணீர் ஓடையில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அன்று காலை அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்ளத்தான் ஊரே கரையில் கூடியிருந்தது. கையில் அளவு டேப்போடு யானை சார் வந்து இறங்கவும், தாங்கள் போட்ட மனுவுக்குப் பதில் வந்துவிட்டது என்று மாலை போட்டுவிட்டார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. "இந்த ஏரி நம்ம லிஸ்ட்லயே இல்லையே" என்றார்.

செங்கேணியம்மாதான் முன்னால் வந்தார். "லிஸ்டுல இல்லன்னா தண்ணி ஒழுவாம நின்னுருமா மேடம்? மனு குடுத்துக் குடுத்து பேஜாரா பூட்ச்சு. ஒருத்தரு இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. வழி தப்பியாவது ஒரு மனுசன் வந்தாரு, தண்ணில எறங்குனாரு. அவரயும் இட்டுக்கினு பூடாதீங்க."

யானை சார் நனைந்த நோட்டை நீட்டினார். நான்கு பக்கம் அளவுகளும் படமும். "அம்மையீர், இம்மதகு ஒரு மழைகூடத் தாங்காது" என்றார். மேடம் படித்தார். செருப்பைக் கழற்றினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கி மதகைப் பார்த்தார்.

மேலே வந்து, "மானாம்பதிக்கு நாளைக்குப் போலாம். இன்னிக்கு இதை முடிங்க. லிஸ்ட்ல சேக்கறது என் பொறுப்பு" என்றார். செங்கேணியம்மா போட்ட குலவையில் கொக்குகளெல்லாம் பறந்தன.

"மேடம்... நான்?" என்றேன்.

"ஏழாவது குறிப்பை மாத்து. அடுத்த மாசம் இன்னும் ரெண்டு பேர் வராங்க, அவங்களுக்கும் இந்தப் பச்சை அட்டை வேணும். நீயும் வேணும்." ஜீப்பில் ஏறியவர் திரும்பி, "ஆனா பஸ் ஸ்டாண்டு தாண்டற வரைக்கும் நீயே கூடப் போ" என்றார்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். எருமைகள் அத்தனையும் ஒரே ஓட்டமாக வாலாஜாபாத்துக்கு ஓடிப்போயின.

மறு வருடம் புது மதகு திறந்தார்கள். விருந்தில் யானை சார் முதல்முறையாக வலது கையால் பிசைந்து சாப்பிட்டார். முழங்கை வரை சாம்பார். அந்தக் கையைப் பந்தி முழுக்கத் தெரியும்படி தூக்கி, "மேகலா, இது சோத்தாங்கை. சரிதானே?" என்று கேட்டார். மதகின் கல்வெட்டில் ஏதோ பெரிய பெயர் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது பீச்சாங்கை மதகு. (மானாம்பதிக்காரர்கள் மட்டும் அண்டா மோர் புளித்துப்போன கதையை இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் எடுப்பார்கள்.)

என் வீட்டிலும் நான் தப்பவில்லை. போன மாதம் மகள் கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து, "லெஃப்ட்ல திரும்பு" என்றேன். அவள் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, "யாரு லெஃப்டும்மா? உன்னுதா, யானை சாருதா?" என்றாள். பின்சீட்டில் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொன்ன பக்கம் தப்பு என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒப்புக்கொள்வேனா?

"திரும்புடி" என்றேன். "அங்க யாராவது காத்துக்கினு இருப்பாங்க."