ஜீப்புக்கு மாட்டிய சங்கு

டீ பேக்டரியில் வேலை பார்ப்பவனின் வயிற்றுக்குக் காது உண்டு. மத்தியானச் சங்கு ஊதினால் பசிக்கும், ஊதாவிட்டால் பசிக்காது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த வயிறுதான் ஒரு நாள் என் மாமனாரின் ஜீப்பைத் திருடனுக்குத் தாரை வார்த்தது.

என் மனைவி சுமதியைக் கைக்குழந்தையாக ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த ஜீப் அது. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் மாமனார் அதை என்னிடம் கொடுத்தார். "வண்டியக் களவு கொடுத்துட்டு மட்டும் இந்த ஊட்டுப் பக்கம் வந்துராதீங்க மாப்ளை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்கள் சிரிக்கவில்லை.

பழைய ஜீப்புக்கு எந்தச் சாவியும் சேரும் (நான் பீரோ சாவியிலேயே கிளப்பியிருக்கிறேன்). பக்கத்தில் இரண்டு ஜீப்புகள் காணாமல் போனதாகக் கேள்விப்பட்டதும் என் தூக்கம் போயிற்று. முதலில் ஸ்டியரிங்கைச் சங்கிலியால் கட்டினேன். பூட்டைத் திறக்க மறந்து நானே வண்டியை எடுத்ததில், அது நேராகத் தேயிலைக்குள் போய் நின்றது.

அப்புறம்தான் அந்த மகா யோசனை. கரண்ட் போகும் நாட்களில் ஊதுவதற்கென்று பேக்டரியில் இருந்த பேட்டரி சங்கு, ஜெனரேட்டர் வந்த பிறகு சும்மா கிடந்தது. மேனேஜரிடம் கேட்டு வாங்கி பானெட்டுக்குள் பொருத்தினேன். சீட்டுக்கு அடியில் ரகசிய சுவிட்ச். அதை அணைக்காமல் யார் சாவி போட்டாலும் சங்கு ஊதும், ஊர் கூடிவிடும். (இந்தச் சங்குக்கு ஊர் எதற்காகக் கூடும் என்று மட்டும் யோசிக்கவில்லை.)

வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்கவே மாமனார் ஒரு நாள் கட்டபெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ஜீப் கீழ் வளைவில் நின்றது. நான் பேக்டரியில் இருந்தேன். மெஷின் இரைச்சலுக்கு நடுவே சங்கு ஊதியது. வாட்ச் பதினொன்று காட்டியது. வாட்ச் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து சாப்பிடக் கிளம்பினேன். குளிரில் அந்த என்ஜின் லேசில் கிளம்பாது. திருடன் அங்கே மல்லுக்கட்டிய நேரத்தில் நான் வீட்டில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாப்ளை, இந்நேரத்துக்கே?"

"சங்கு ஊதிருச்சுங்க மாமா."

"ஏனுங்க, குழம்பே இன்னும் கொதிக்கலைங்க" என்றாள் சுமதி. ரசம் போதும் என்று உட்கார்ந்தேன். "இன்னைக்கு என்னங்க இவ்வளவு நேரம் ஊதுறாங்க?" என்று கேட்டாள் அவள்.

"புது வாட்ச்மேன். சுவிட்ச்சுல வெச்ச கைய எடுக்கத் தெரியாது" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

மாமனார் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மாப்ளை, சங்கு நகந்து போகுதுங்களே?"

"மலைக்காத்துங்க மாமா, அப்படித்தான் கேக்கும்."

"காத்து கியர் மாத்துமுங்களா?"

வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது.

பக்கத்து வீட்டு மேஸ்திரியின் பைக்கைப் பிடுங்கிக்கொண்டு, ரசச் சோற்றுக் கையோடு பறந்தேன். பின்னால் மாமனார். ஒவ்வொரு வளைவிலும் "என் வண்டி, என் வண்டி" என்று முனகினார். அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மூன்றாவது வளைவில் ரோடே தெரியவில்லை. மத்தியானச் சங்கு என்று நினைத்து, எங்கள் எஸ்டேட்டிலும் பக்கத்து எஸ்டேட்டிலும் இருந்த பெண்கள் எல்லோரும் கொழுந்து மூட்டைகளோடு எடை போட ரோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். நடுவில் மாமனாரின் ஜீப் அலறிக்கொண்டு நின்றது. உள்ளே ஆள் இல்லை.

"சங்கு ஊதி எவ்ளோ நேரமாச்சு, தராசு எங்கீங்க சார்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார் ஒரு அக்கா. "டிரைவர்கிட்ட கேட்டா, தேயிலைக்குள்ள எறங்கி ஓடுறாரு. பாவம், என்ன அவசரமோ!"

சுவிட்சை அணைத்தேன். மாமனார் பானெட்டைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் அவரே பெண்களின் மூட்டைகளை ஜீப்பில் ஏற்றி, ஸ்டியரிங்கைப் பிடித்து பேக்டரிக்கு ஓட்டினார். முழங்கால் வலி எங்கே போனதோ! நான் பின்னால் பைக்கில் போனேன். அன்று இரண்டு எஸ்டேட் மேனேஜர்களிடமும் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மாமனார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சங்க மட்டும் கழட்டிருங்க மாப்ளை."

கழற்றிவிட்டேன். இப்போது கடையில் வாங்கிய பூட்டுதான். ஆனால் இன்றும் மாமனார் ஊரிலிருந்து வந்தால், எனக்கு இலை போட்டதும் சுமதி உடனே பரிமாற மாட்டாள். மாமனார் மெதுவாக எழுந்து, வாசல் வரை போய், கீழ் வளைவை எட்டிப் பார்ப்பார்.

"நிக்குதுங்க மாப்ளை. நீங்க சாப்புடுங்க."