ஒற்றைக் கோடும் நானூறு சட்டையும்

தையலக்காவின் செல்போனில் ஒரே ஒரு சிக்னல் கோடு தெரிந்தது. அதுவும் இருக்கலாமா, கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குச் சீருடைக் கம்பெனி மேலாளரம்மா வீடியோவில் மாதிரிச் சட்டையைப் பார்ப்பார். பிடித்தால் நானூறு சட்டை. இல்லாவிட்டால் பழையபடி அடுத்தவர் பேன்ட்டுக்கு ஜிப் மாற்ற வேண்டியதுதான்.

"வாசல்ல நாலு கோடு காட்டுதே, இங்க என்ன வந்துச்சு?"

கணவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். குடியிருப்பில் அவருக்கு 'விளக்கவுரை' என்று பெயர். அவருக்கு மட்டும் அது தெரியாது.

"சிக்னல் இடத்துக்கு இடம் மாறும். சுவரும் இரும்பும் அதைத் தடுக்கும். உன் பீரோதான் குறுக்க நிக்குது."

பீரோவைத் தள்ளினார்கள். அது வாசற்கதவை ஒட்டிப் போய் அசையாமல் நின்றுகொண்டது. இருந்த ஒரு கோடும் போயிற்று.

பீரோவுக்கும் கதவுக்கும் நடுவே சட்டையும் கையுமாகப் பிதுங்கி வெளியேறி, தையலக்கா மொட்டை மாடிக்கு ஓடினார். நான்கு கோடு. ஆனால் வேகம் மட்டும் நத்தைதான்.

பின்னாலேயே ஏறி வந்தார் கணவர். "கோடு இருந்தா ஆச்சா? ஒரே டவரை ஊரே பங்கு போடுது. இரு, நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, நீங்க பாக்காதீங்க."

அதற்குள் அவர் இறங்கிவிட்டார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, பதினொன்றுக்கு டேட்டாவை அணைத்து வைக்கச் சொன்னார். ஏன் என்றவர்களுக்கு முழு விளக்கம்.

விளைவு, பதினொன்றுக்கு முப்பது பேர் மாடியில். அத்தனை கையிலும் போன். கீழ்வீட்டு மாமா நேரடி ஒளிபரப்பே தொடங்கிவிட்டார். "என் தங்கச்சி பாக்கணும்னு சொல்லுச்சு."

மேலாளரம்மா திரையில் வந்தார். தையலக்கா காலரை கேமராவுக்கு அருகே பிடித்தார்.

"மேடம், தெரியுதுங்களா?"

அடுத்து, சட்டையின் கையைக் காட்டினார், பையைக் காட்டினார், பொத்தானைக் காட்டினார். மேலாளரம்மா வாயைத் திறந்தபடி திரையில் உறைந்திருந்தார். பிறகு அதுவும் அணைந்தது.

தையலக்கா கணவரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார்.

மேலாளரம்மாவிடமிருந்து சாதாரண அழைப்பு வந்தது. தையலக்கா போனில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஆர்டர் உங்களுக்குத்தாம்மா. நாளைக்கே துணி வரும்."

மாடியே அதிர்ந்தது. கணவர் முப்பது பேரிடமும் கைகுலுக்கினார். "எல்லாரும் டேட்டாவை அணைச்சதுதான் காரணம். விஞ்ஞானம்."

தையலக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், படமே ஒழுங்கா வரலையே?"

"அதனாலதாம்மா குடுத்தேன். மத்த தையல்காரங்க எல்லாம் சட்டையை ஆட்டி ஆட்டிக் காட்டினாங்க. உங்க காலர் ஒண்ணுதான் நான் தையலை ஒவ்வொண்ணா எண்ணி முடிக்கிற வரைக்கும் அசையாம நின்னுச்சு."