சொட்டக்கா நாற்காலி கொண்ட படலம்

வெண்மேலங்கியே கவசமாய், இரட்டைக் கையுறையே கேடயமாய், சொட்டு உறிஞ்சும் நுண்குழலே வேலாய் ஏந்திய ஆய்வுக்கூட வீராங்கனை, உடன்பணிபுரிவோர் யாவராலும் சொட்டக்கா என்று விளிக்கப்படும் பெருமாட்டி வாழ்க! அவள் கைப்பனிப்பெட்டி நெடிது குளிர்க!

அப்பெட்டியுள் இருந்தது, கண்புரை அறுவையின்போது ஒரு தையற்காரர் மனமுவந்து ஈந்த, கருவிழிக்குப் பின்னிருந்து எடுத்த ஒரேயொரு சொட்டு நீர். நரம்புக்கு நரம்பு தூது செல்லும் டோபமின், பணி முடித்துச் சிதைந்தபின் அந்நீரில் விட்டுச்செல்லும் எச்சம் எவ்வளவு என்று அளப்பதே அவள் பூண்ட விரதம். பனி உருகினால் எச்சம் கெடும். மறுபடி கேட்கலாமென்றால் தையற்காரரிடம் வேறு புரை இல்லை.

அளக்கும் கருவியோ ஒன்று. அதன்முன் நாற்காலியும் ஒன்று. அந்நாற்காலியில், அதே எச்சத்தைச் சிறுநீரில் தேடும் பிரிவின் தலைவர், நாற்பது குப்பிகள் நாற்படையென அணிவகுத்து நிற்க, காலை எட்டு மணி முதல் மாமலையென அசையாது வீற்றிருந்தார்.

“அண்ணே, ஒரே சொட்டு! இருபது நிமிஷந்தான்! ஐஸ் உருகுது!” என்று முழங்கினாள் சொட்டக்கா.

“வரிசைன்னா வரிசைதாம்மா. எந்திரிச்சா எடத்தப் புடிச்சிருவீங்க. எந்திரிக்கவே மாட்டேன்!” என்று சூளுரைத்தார் அவர்.

கடுகினும் சிறியதைக் காணப் பழகிய கண்ணினாள், புயலிற் சிக்கிய கொடிமரமென நடுங்கும் அவரது வலது முழங்காலைக் கண்டாள், மூன்று கோப்பைத் தேநீர் அருந்தியும் இடம் பறிபோகுமென அஞ்சி அவர் அடக்கியிருக்கும் துயரை உணர்ந்தாள், இரங்கினாள், இரக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, மூலைத் தொட்டியின் குழாயைத் திருகி, மலையருவி நாணும் சளசளப்போடு, ஏற்கெனவே சுத்தமாயிருந்த ஒரு குடுவையை நெடுநேரம் கழுவினாள்.

பிறர் சிறுநீரை இருபதாண்டு ஆண்ட வேந்தர், ஓடிக்கொண்டிருந்த குப்பி முடிந்த கணமே தம் சிறுநீருக்குத் தோற்றார்.

“அம்மா தாயே, அந்தக் குழாய மூடும்மா!” என்ற அலறல் நடைபாதையில் தேய்ந்து மறையுமுன், வெற்று அரியணை ஏறிய வீராங்கனை, மூச்சடக்கி, விரல் நடுங்காது, அச்சொட்டைக் கருவியின் வாயிற் செலுத்தினாள். திரையின் சமவெளியில் வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. பின்பு, கிடந்த கோடு மெல்லத் தலைதூக்கி, நிமிர்ந்து, கதிரவனைத் தீண்டும் சிகரமென எழுந்தது கண்டு, சண்டையிடத் திரும்பிவந்த அண்ணனும் சினம் மறந்து, “அட, வந்துருச்சே!” என்று ஆர்ப்பரித்தார்.

எச்சம், எல்லோருக்கும் இருக்கும் அளவுதான் இருந்தது. நோட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள்.