அப்பாவின் லாரிக்கு நான் கொடுத்த வேகம்

படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பல குடும்பங்கள் நிம்மதியாகச் சோறு தின்னும். எங்கள் குடும்பத்தில் அந்தப் படித்தவன் நான்தான். (எனக்கு முன்னால் எல்லாரும் கைநாட்டோடு சரி.)

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த சமயம். மந்தின் ஊரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். அப்பா அங்கே ரப்பர் பால் ஏற்றும் லாரி ஓட்டினார். மரத்தைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், வெகுகாலம் காத்திருந்து பிடித்த ஸ்டியரிங் அது.

காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் எப்போது சுடுவார்களோ என்ற பயத்தில், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் கார் முன்னே போகும். லாரி பின்னால் ஒட்டிப் போகும். அன்று ரோட்டின் குறுக்கே ஒரு மரக்கிளை கிடந்தது. ஆள் பதுங்கியிருக்கிறான் என்று நினைத்துக் கார் சட்டென்று நின்றது. லாரி நிற்கவில்லை. காரின் முதுகில் மோதித்தான் நின்றது. (கிளை காற்றில் விழுந்தது. அதற்கு அரசியல் ஏதும் இல்லை.)

யாருக்கும் அடியில்லை. ஆனால் லாரியின் மூக்கு சப்பையாகிப்போனது. வேகமாக வந்தாரா என்று துரை விசாரிப்பார். ஆமென்றால், அப்பா மறுபடியும் பால்வெட்டுக்குத்தான்.

"நீ வந்து பேசு தம்பி," என்றார் அப்பா.

"தொரைக்குத்தான் தமிழ் தெரியுமேப்பா?"

"தமிழ்ல பேசுனா கெஞ்சுற மாரி இருக்கும். இங்கிலீசுல பேசுனா நியாயம் மாரி இருக்கும்லா."

நான் சிரம்பானில் இங்கிலீஷ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். வாத்தியார் ஈரக் களிமண்ணில் இரும்புக் குண்டைப் போட்டுக் காட்டியிருந்தார்: வேகம் கூடினால் குழியும் ஆழமாகும். அது போதாதா? அடிக்கோலோடு போய் லாரியின் நசுங்கலை அளந்தேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், பெருமூச்சு விட்டேன்.

"என்னாய்யா, லாரிக்குக் காய்ச்சலா?" என்றார் அம்மா.

கணக்கில் மணிக்கு நாற்பத்தைந்து மைல் வந்தது. மறுபடி போட்டேன். அதே நாற்பத்தைந்து. உண்மையை மறைக்கக்கூடாது என்று பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். (அப்பாவுக்கு வேலை போகக்கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை.)

ஆபீசில், கணக்கு எழுதும் கிராணியும் கேட்டுக்கொண்டிருக்க, களிமண்ணில் ஆரம்பித்து நாற்பத்தைந்தில் முடித்தேன், எல்லாம் இங்கிலீஷில். இங்கிலீஷ் தெரியாத அப்பா பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பெருமையாகத் தலையாட்டினார்.

துரை அவர் பக்கம் திரும்பினார். "டைவர், ஒம் மவன் என்னா சொல்றான் தெரியுமா? நீ நாப்பத்தஞ்சு மைலு வேகத்துல வந்து இடிச்சியாம்."

தலையாட்டல் நின்றது. அப்பா என்னைப் பார்த்தார்.

"தம்பி கணக்குப் போட்டுத்தான் சொன்னானா, தொரை?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் இருக்கும். படிச்ச புள்ள."

துரை எழுந்தார். பிறகு என்னை வெளியே கூட்டிப்போய்த் தன் காரின் பின்பக்கத்தைத் தட்டினார். ணங்கென்றது. குண்டு துளைக்காமலிருக்கத் தடித்த இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். அங்கே பெயிண்ட் மட்டும்தான் உரிந்திருந்தது.

"இது களிமண்ணா? இதுல மெதுவா இடிச்சாலும் லாரிதான் சப்பையாவும். அந்த லாரி நாப்பத்தஞ்சு போவும்னா, நான் இந்தக் காரை வித்துப்புட்டு அதுலயே போவேனே! எந்தத் துப்பாக்கியும் என்னைப் புடிக்காது."

ஒட்டி வரச் சொன்னதே தான்தான் என்றும் சொல்லி, அப்பாவை வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார்.

லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது என்னால் தலைநிமிர முடியவில்லை. அப்பாதான் பேச்சுக் கொடுத்தார்.

"நடுவுல நீட்டமா ஒண்ணு சொன்னியே, கிராணி கூட வாயப் பொளந்தாரே, அதுக்கு என்னாய்யா அர்த்தம்?"

"பொறுப்பில்லாம ஓட்டுனாருன்னு அர்த்தம்ப்பா."

அப்பா கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார். "நல்ல வார்த்தை," என்றார்.

இன்றைக்கும் வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், "அண்ணனைக் கூப்பிடுங்க, எத்தனை மைலுன்னு சொல்லும்" என்று தங்கச்சி ஆரம்பித்துவிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிப்பதில்லை. புதிதாக யார் வந்தாலும் உட்காரவைத்துச் சொல்வார்: "அந்த ஓட்டை லாரியையே நாப்பத்தஞ்சுல ஓட்டுனவன் நான். நம்பலன்னா தம்பியைக் கேளுங்க. கணக்கே போட்டிருக்கான்."